கழுத்தெலும்புக்கு மேல் ஒரு கோடு

வீட்டில் இருந்த மூன்று பேரையும் வெளியே அனுப்ப அவருக்கு மூன்று பொய்கள் தேவைப்பட்டன. அவருடைய கையிருப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அன்றைக்கென்று பார்த்து முதல் பொய்யே எடுபடவில்லை.

“அம்மாவுக்கு உதட்டுல தடவுற களிம்பு தீர்ந்துபோச்சு” என்று மகளிடம் சொன்னார். “மருந்துக்கடை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடேன்.”

“நேத்துதானேப்பா வாங்கினேன்.”

“கொஞ்சம் தாராளமா தடவிட்டேன்.”

மகள் அலமாரியைத் திறந்து, களிம்புக் குழாயை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். மூடிகூடத் திறக்கப்படவில்லை. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அட, நிரம்பிடுச்சே” என்றார்.

வேறு நாளாக இருந்தால் மகள் சிரித்திருப்பாள். அன்று குழாயைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு மறுபடியும் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

காலை பத்து மணிக்கு வந்த நர்ஸ் சமையலறை வாசலில் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருந்தாள்: “மூச்சு விடுற விதம் மாறிடுச்சு சார். அவங்ககிட்ட ஏதாவது சொல்ல வேண்டியிருந்தா எல்லாரும் சொல்லிடுங்க. சாயங்காலம் தாண்டுமான்னு சந்தேகமா இருக்கு.”

நர்ஸ் பொதுவாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் தன் சட்டையைப் பிடித்துச் சொன்னதுபோல இருந்தது.

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. மூன்று வருஷமாக இருந்தது. போன வருஷத்திலிருந்து அது கனக்கத் தொடங்கியிருந்தது. அதை மனைவியின் காதில் மட்டும்தான் போட முடியும். அவள் போய்விட்டால் அதைப் போடுவதற்கு உலகத்தில் வேறு காது கிடையாது.

அவர் முப்பத்தொரு வருஷம் சாலைகளில் கோடு போட்டவர். நடுக்கோடு, ஓரக்கோடு, சிக்னலில் வண்டிகள் நிற்க வேண்டிய குறுக்குக் கோடு, பள்ளிக்கூட வாசலில் வரிக்குதிரைக் கோடு. தெருவில் ‘கோட்டுக்காரர்’ என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அவர் சொன்னதை நம்பினால், புறவழிச்சாலையில் ஒரு தடவை அவர் போட்ட நடுக்கோடு அத்தனை நேராக அமைந்துவிட்டதால், லாரி டிரைவர் ஒருவர் தூங்கிப்போன பிறகும் லாரி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே பதினேழு கிலோமீட்டர் போய், வாடிக்கையான டீக்கடை வாசலில் நின்றது. விமான நிலையத்தில் ஓடுதளத்துக்குக் கோடு போட்டபோது, மேலே வட்டமடித்த விமானி கைதட்டியது அவருக்குத் தரையில் கேட்டது.

“கை ரெண்டையும் தட்டினா விமானத்தை யாரு ஓட்டினா?” என்று மனைவி அந்த இடத்தில் கேட்பாள்.

“பக்கத்துல இன்னொருத்தர் இருப்பாருல்ல.”

“அவரும் சேர்ந்து தட்டினாருன்னு போன மாசம் சொன்னீங்க.”

மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வீட்டுக்கும் தாள்கள் வரும். வலது கையில் பேனா, இடது கை சும்மா இருக்கும். அவர் கதை சொல்லும்போது அவள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டாள். இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் உயரும். ஒரு பொய்க்கு ஒரு விரல். பெரிய பொய்யென்றால் இரண்டு. விமானிக்கு எப்போதும் இரண்டு. வீட்டில் மகள் எண்ணக் கற்றுக்கொண்டதே அந்தக் கையைப் பார்த்துத்தான் என்பது மச்சினியின் கருத்து.

எந்த ஊர்ச் சாலையில் இறக்கிவிட்டாலும் தான் போட்ட கோட்டைத் தன்னால் அடையாளம் சொல்ல முடியும் என்பது அவருடைய நிரந்தரப் பெருமை. “பெத்த பிள்ளையைக் கூட்டத்துல தெரியாதா?” என்பார். பஸ்ஸில் போகும்போதெல்லாம் மகள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, “அப்பா, இது நீங்க போட்டதா?” என்று கேட்பாள். “ஆமா” என்பார். அவர் வாழ்க்கையில் கால் வைக்காத ஊர்களிலும் ‘ஆமா’தான். முன்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியின் விரல் சீட்டுக்கு மேலே தெரியும்.

இப்போது அந்த மனைவி முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலில் கிடந்தாள். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின் கால்மாட்டில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கி, தலையணைமேல் தனியாக வேறு யாருடைய கையோ போலக் கிடந்தது. அக்குளில் நெறிகளை எடுத்ததிலிருந்தே அந்தக் கை அப்படித்தான். பேனாவை அவள் அப்போதே இடது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வலது மார்பை எடுத்தார்கள். அக்குளிலிருந்து பதினாறு நெறிகளை எடுத்துப் பரிசோதித்ததில் நான்கில் நோய் இருந்தது. நெறி என்றால், காய்ச்சல் வந்தால் கழுத்தில் கட்டுமே, அந்த அளவுக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். டாக்டர் ஒரு தாளில், அக்குளிலிருந்து கழுத்தெலும்புக்கு மேல்வரை மணி மணியாகச் சின்ன வட்டங்கள் போட்டுக் காட்டினார்.

“நோய் ஒரு நெறியிலேருந்து அடுத்த நெறிக்கு ஏறிப் போகும். கழுத்தெலும்புக்கு மேல இருக்கிறதைக் கத்தி வச்சு எடுக்கிறது சரிப்படாது. அதுக்குத்தான் கரண்ட். நெஞ்சுக்கும் சேத்து இருபத்தஞ்சு நாள்.”

கதிர்வீச்சை ஆஸ்பத்திரியில் எல்லோரும் கரண்ட் என்றார்கள். முதல் நாள் கோட்டுக்காரர் ஒயர் எங்கே வருகிறது என்று மெஷினைச் சுற்றிப் பார்த்தார்.

கரண்ட் வைப்பதற்கு முன்னால் உடம்பில் கோடு போட வேண்டும். மெஷினை இயக்குகிற பெண் அதைச் செய்தாள். மனைவி அவளை ‘மெஷின் பொண்ணு’ என்பாள். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு பலகையில் வைத்து, அசையாமல் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். ஆபரேஷன் ஆன கை மேலே போகவில்லை. போக வைத்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த மனைவியின் கன்னம் இரண்டும் ஈரமாக இருந்தன. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அதைப் பார்த்ததில்லை. கழுத்தெலும்புக்கு மேலே ஊதா மையில் ஒரு கோடு, நெஞ்சில் சில கோடுகள்.

“வேர்வையில அழியாம பாத்துக்குங்க” என்றாள் மெஷின் பொண்ணு. “சோப்பு வேண்டாம், தேய்க்க வேண்டாம். அழிஞ்சா மறுபடியும் போடணும்.”

மறுபடியும் என்றால் அந்த ஒரு மணி நேரம் மறுபடியும் என்று இரண்டு பேரும் புரிந்துகொண்டார்கள்.

பத்து நாள் கரண்ட் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை கொளுத்தும் வெயில். நைட்டியின் கழுத்துப்பட்டி உரசி, கழுத்தெலும்புக்கு மேலே இருந்த கோடு போயே போய்விட்டது. மனைவி கண்ணாடி முன்னால் நின்றாள். வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

“இதுக்கா இப்படி நிக்கிறே? நான் எதுக்கு இருக்கேன்?” என்றார் அவர். “அந்தக் கோடு என் மனசுல அப்படியே நிக்குது. எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்.”

கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்தான் உண்டு. திறந்திருந்தபோது அவர் அந்தப் பக்கமே பார்த்ததில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு உடுப்பு மாற்றிவிடும்போதெல்லாம் அவர் கண் அவள் முகத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ஜன்னலில் இருக்கும்.

எழுதுபொருள் கடையில் ஊதா மார்க்கர் வாங்கி வந்தார். ஸ்கேல் இல்லாமல், கை நடுங்காமல், ஒரே இழுப்பு. வாழ்நாளில் அவர் போட்டதிலேயே அழகான கோடு அதுதான். மனைவி கண்ணாடியில் பார்த்தாள். விரல் உயரவில்லை.

மறுநாள் அவள் உள்ளே போனாள், வழக்கம்போல் கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். ஒரு பேச்சும் இல்லை. மீதிப் பதினைந்து நாளும் சாயங்காலம் ஆனால் அவர் அந்தக் கோட்டை ஆசையாகப் பார்ப்பார். அந்தக் கோடு இருந்ததால் அந்தப் பக்கம் பார்க்கவும் முடிந்தது.

போன வருஷம் அதே கழுத்தெலும்புக்கு மேலே விரல் நுனியளவு ஒரு நெறி கட்டியது. பிறகு நுரையீரல்.

மகளுக்கு ஒருவர்மேல் கோபம் வேண்டியிருந்தது. “அந்தப் பொண்ணு சரியான இடத்துல வைக்கல. அதான் அதே இடத்துல திரும்ப வந்திருக்கு” என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு நான்கு பக்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினாள். அம்மாவிடம் பிழை பார்க்கக் கொடுத்தாள். உலகத்தில் எந்தத் தாளையும் வேண்டாமென்று சொல்லாதவள் அதை வாங்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கடிதம் போகாமல் மேசை இழுப்பறையில் இருந்தது. மகள் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் கோட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். வீட்டில் இருந்தது ஒரே செடி. அது அழுகிச் செத்தது.

களிம்புப் பொய் பலிக்காமல் போனதும் அவர் நேரடியாகவே இறங்கிப் பார்த்தார். மனைவி கண் திறந்த ஒரு நேரம் பார்த்து, குனிந்து காதருகே வாயைக் கொண்டுபோனார்.

“அக்கா, அத்தான் ஏதோ சொல்றாரு பாரு!” என்றாள் மச்சினி. மனைவியின் தங்கையான அவள் காலையிலிருந்து கால்மாட்டில் உட்கார்ந்து விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள். “அத்தான், அந்த விமானக் கதையைச் சொல்லுங்க. அக்காவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். சிஸ்டர், நீங்களும் கேளுங்க.”

“இப்பவா?”

“இப்பச் சொல்லாம எப்பச் சொல்லப் போறீங்க?” என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது காதில் விழுந்து, அவள் மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

எனவே மனைவியின் கடைசி நாளில், பதினொன்றரை மணிக்கு, அவர் விமானக் கதையைச் சொன்னார். வெயிலையும் பெயிண்ட் டப்பாவையும் சொல்லி, விமானத்தை வட்டமடிக்க வைத்து, விமானி கையை எடுக்கும் இடத்துக்கு வருவதற்குள் மனைவி தூங்கிவிட்டாள். நர்ஸுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கதை புதிது.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கண் திறக்கவில்லை. மூச்சு நான்கு முறை வேகமாக ஓடும், பிறகு நின்று யோசிக்கும். அது யோசிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டேகாலுக்கு ஆக்சிஜன் மெஷின் கீச்சென்று கத்தியது. குழாயில் எங்கோ விரிசல். நர்ஸ் டேப் சுற்றி நிறுத்திவிட்டு, வேறு குழாய் வாங்கி வரச் சொன்னாள். அவர் சொல்ல வேண்டிய பொய்யைக் குழாய் சொல்லிவிட்டது. மகள் எழுந்தாள்.

“ஒருத்தியா போகாதே, மெயின் ரோட்டைத் தாண்டணும்” என்றார். “சித்தியைக் கூட்டிட்டுப் போ.”

“எனக்கு முப்பது வயசாகுதுப்பா.”

“வண்டிக்காரனுக்கு அது தெரியுமா?”

மச்சினிக்கும் வெளியே போய் நன்றாக ஒருமுறை அழ வேண்டியிருந்தது. போனாள். மிச்சம் நர்ஸ். சமையலறையில் ரொட்டியைப் பிரித்து அப்போதுதான் வாயில் வைத்திருந்தாள்.

“சிஸ்டர், உங்க ஸ்கூட்டர் பச்சைக் கலர்தானே? யாரோ இடிச்சுட்டாங்க போல. சத்தம் கேட்டுது.”

நர்ஸ் ரொட்டியோடு ஓடினாள். அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தாழ்ப்பாள் போடும் சத்தத்தில் மனைவி கண் திறந்தாள்.

“முழிச்சிருக்கியா? ஒண்ணு சொல்லணும். விரலைத் தூக்காம கேளு.”

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கரண்ட் வச்சப்ப, அந்த ஞாயித்துக்கிழமை. கோடு அழிஞ்சுபோச்சில்ல. நான் போட்டேனில்ல.” போர்வைமேல் கையை ஊன்றிக்கொண்டார். “எனக்கு இடம் தெரியாது. மனசுல நிக்குதுன்னு சொன்னேன். நிக்கல. ஆபரேஷனுக்கு அப்புறம் நான் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் நேரா பாக்கல. பாக்க முடியல. குத்துமதிப்பா போட்டேன்.”

கதவு தட்டப்பட்டது. “சார்! வண்டி நல்லாத்தான் இருக்கு! கதவைத் திறங்க!”

“ஒரு நிமிஷம் சிஸ்டர்! தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு!” குனிந்தார். குரல் கீழே இறங்கியது. “பதினஞ்சு நாள், அந்தக் கோட்டைப் பாத்துத்தானே வச்சாங்க. வர வேண்டிய இடத்துக்குக் கரண்ட் வரல. இப்ப அதே இடத்துல... நான்தான்...”

மனைவியின் உதடு அசைந்தது. அவர் காதைக் கொண்டுபோனார்.

“அழிச்சுட்டாங்க.”

“என்னது?”

“அந்தக் கோட்டை. திங்கட்கிழமையே.” மூச்சு ஓடி நின்றது. அவர் காத்திருந்தார். “அந்தப் பொண்ணு பாத்ததுமே சிரிச்சுது. யாரும்மா இது, அச்சடிச்ச மாதிரி இருக்கேன்னுச்சு. ஒரு விரல் கீழ இருக்காம்.” மறுபடி நின்றது. “ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுது. அதுவே வேற போட்டுச்சு.”

“அப்ப அந்த ஒரு மணி நேரம்? கையைத் தூக்கி...”

“அஞ்சு நிமிஷம். புள்ளி இருக்கு. அதை வச்சு.”

“என்ன புள்ளி?”

இடது கை மெல்ல ஏறி நைட்டியின் கழுத்தைக் கீழே இழுத்தது. நெஞ்சு நடுவில் கடுகளவு நீலப் புள்ளி. பச்சை குத்தியது.

“அது மச்சம்னு நெனச்சேன்” என்றார்.

“கல்யாணமாகி முப்பத்தினாலு வருஷம் கழிச்சா... புதுசா மச்சம் முளைக்கும்?”

வெளியே நர்ஸ் ஜன்னல் பக்கம் சுற்றி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சிரிச்சுக்கிட்டிருந்தீங்க” என்றாள். “ரெண்டு மாசத்துல... அன்னைக்குத்தான்.”

அவர் அப்படியே குனிந்து நின்றார். அந்த வீட்டில் பொய் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்; ஒரு பொய்யை எப்படிக் கட்டுவது என்பது அவருக்குத் தெரியும். லாரி பதினைந்து கிலோமீட்டர் போனது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பதினேழு என்றால்தான் நிற்கும். சிரித்தாள், அச்சடித்த மாதிரி, ஒரு விரல், ஸ்பிரிட், ஐந்து நிமிஷம். உண்மைக்கு இத்தனை விவரம் தேவைப்படாது. அவள் சொன்னது உண்மையென்றால், மூன்று வாரம் சாயங்காலம் சாயங்காலம் அவர் தன்னுடையது என்று நினைத்து ஆசையாகப் பார்த்தது வேறொருத்தி போட்ட கோட்டை. தன் கோட்டைத் தன்னால் அடையாளம் சொல்ல முடியும் என்பது உண்மையென்றால், பிழை திருத்துகிறவள் வாழ்க்கையில் முதல் தடவையாக...

அவருடைய ஆள்காட்டி விரல் போர்வையிலிருந்து பாதி உயர்ந்திருந்தது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரலை மடக்கினார். அந்தக் கையை அவளுடைய வீங்கிய கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“சார்!” என்றது ஜன்னல்.

நான்கு மணி பத்து நிமிஷத்துக்கு, விட்ட மூச்சுக்கு அடுத்தது வரும் என்று நான்கு பேரும் காத்திருந்தார்கள். மெஷின் மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. நர்ஸ் எழுந்துபோய் அதை அணைத்தாள். பத்து நாளாக அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியிருந்ததால், “அக்கா” என்று மச்சினி மெல்லக் கூப்பிடுவதாக நினைத்துக் கூப்பிட்டது தெருமுனைவரை கேட்டது.

மறுநாள் காலை அச்சகத்திலிருந்து வந்தார்கள், அக்கம்பக்கத்தில் வந்தார்கள். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வெள்ளை அங்கியை மடித்துப் பையில் வைத்தபடி ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். கோட்டுக்காரர் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். முகத்தை உடனே அடையாளம் தெரிந்தது. மெஷின் பொண்ணு.

அவள் கட்டிலருகே சற்று நேரம் நின்றாள். பிறகு அவரிடம் வந்தாள். “நர்ஸ் சொன்னாங்க ஐயா. அம்மா எங்க ரூம்ல ஒட்டியிருந்த நோட்டீஸ் பூரா திருத்திக் குடுத்தாங்க. இப்பவும் அதுதான் ஒட்டியிருக்கு.”

அவர் தலையாட்டினார். ஒரே ஒரு கேள்விதான். எழுந்து வாசல்வரை கூட நடந்தால் போதும், யார் காதிலும் விழாமல் கேட்டுவிடலாம். அவர் நாற்காலியின் கையைப் பிடித்தார். அதற்குள் மகள் வந்து நின்றுவிட்டாள்.

“நீங்கதானே கரண்ட் வச்சது?”

“ஆமாக்கா.”

“சரியான இடத்துலதான் வச்சீங்களா?”

மெஷின் பொண்ணின் முகம் வெளிறியது. “அக்கா...”

“அதே இடத்துல எப்படித் திரும்ப வரும்? கழுத்தெலும்புக்கு மேல, அதே இடத்துல? ஒரு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். கடிதம்கூட எழுதி வச்சிருக்கேன்.”

“அவங்களை ஒண்ணும் சொல்லாதே” என்றார் கோட்டுக்காரர். எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. “நடுவுல கோடு அழிஞ்சுபோச்சு. நான் போட்டேன். கடையில மார்க்கர் வாங்கி, என் கையால அம்மா கழுத்துல நான்தான் போட்டேன். இடம் தெரியாம போட்டேன்.”

“அத்தான்” என்றாள் மச்சினி, அழுகையோடு. “இன்னைக்குமா அத்தான்?”

அச்சகத்துக்காரர் ஒருவர் பரிவோடு தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் அவர் தோளைத் தட்டி, “உக்காருங்க, தண்ணி குடிங்க” என்றார். அறுபத்துநான்கு வருஷத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்று அவர் சொன்ன ஒரே உண்மை அது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

மகள் மட்டும் பழக்கத்தில் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் இடது கை போர்வைமேல் இருந்தது. விரல்கள் ஐந்தும் சமமாகப் படிந்திருந்தன. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“நிஜமாவாப்பா?”

“பத்து நாள் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை” என்று மெஷின் பொண்ணிடம் சொன்னார். “திங்கக்கிழமை நீ பாத்திருப்பே. பாத்தியாம்மா? ஊதாக் கோடு. கொஞ்சம் தடிமனா.” ‘சிரிச்சியாம்மா’ என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தாள். அவர் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாபகம் இல்ல ஐயா” என்றாள் கடைசியில். “ஒரு நாளைக்கு அறுபது பேர் வராங்க. நிறைய பேருக்குக் கோடு அழியும். சில பேர் வீட்டுல அவங்களே போட்டுக்கிட்டு வந்துடுவாங்க.” பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “ஆனா நாங்க கோட்டை நம்பி வைக்க மாட்டோம்க்கா. பச்சை குத்தின புள்ளி இருக்கும், அதை வச்சு அளந்துதான் படுக்க வைப்போம். வாரத்துக்கு ஒரு தடவை படம் எடுத்தும் பாப்போம். யாரு போட்ட கோடா இருந்தாலும், தப்பா இருந்தா அன்னைக்கே துடைச்சுடுவோம்.”

“அப்ப ஏன் வந்துச்சு?”

“சில பேருக்கு வருதுக்கா” என்றாள் அந்தப் பெண். “எல்லாம் சரியா செஞ்சாலும் வருது.”

மகள் வேறு ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. அவள் போய் அம்மாவின் நைட்டிக் கழுத்தைச் சரிசெய்வதுபோல விலக்கிப் பார்த்தாள். நெஞ்சு நடுவில் ஒரு நிமிஷம் விரலை வைத்திருந்தாள். மூடினாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மெஷின் பொண்ணு திரும்பி, “ஐயா, உங்க கதையெல்லாம் அம்மா சொல்லுவாங்க” என்றாள். “அந்த லாரி எத்தனை கிலோமீட்டர் போச்சு?”

“பதினேழுன்னு சொல்வேன்” என்றார்.

அமரர் ஊர்தி பத்து மணிக்கு வந்தது. அவரும் மகளும் உள்ளே ஏறி, பக்கவாட்டு இருக்கையில் அருகருகே உட்கார்ந்தார்கள். மச்சினி பின்னால் வேறு வண்டியில் வந்தாள். மெயின் ரோடு வந்தது. ஜன்னலுக்கு வெளியே நடுக்கோடு கூடவே ஓடி வந்தது. வெள்ளையாக, அகலமாக, ஒரு வளைவில்கூடத் தடுமாறாமல்.

மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் பஸ்ஸில் கேட்கும் அதே குரல் இல்லை, அதே கேள்வி.

“அப்பா, இது நீங்க போட்டதா?”

அவர் ஜன்னல்பக்கம் குனிந்து பார்த்தார். கோடு போகிற வேகத்தையும், ஓரம் அறுந்திருக்கும் விதத்தையும், பெயிண்டின் வயசையும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“தெரியலம்மா” என்றார்.

முன்னால் சிக்னல் சிவப்பாக இருந்தது. டிரைவர் மெதுவாகக் கொண்டுபோய், நிற்க வேண்டிய கோட்டை ஒரு விரலளவு தாண்டி வண்டியை நிறுத்தினார். கோட்டுக்காரர் அதையும் பார்த்தார். பச்சை விழுந்தது.